லேஞ்சி (கைக்குட்டை) போலக் காயும் அணையாடை: யாழ்ப்பாணத்து வீட்டில் பருத்தித் துணியில் தைக்க முழுமையான வழிகாட்டி

மாதவிடாய்க்கு நான் முதன்முதலில் தைத்த துணி அணையாடை பார்க்க நல்ல வடிவாக இருந்தது. ஆறு அடுக்கு பிளனல், நடுவில் ஒரு துண்டு துவாய்த் துணி, சுற்றிவர நெருக்கமான தையல். உறிஞ்சுவதிலும் குறை சொல்ல முடியாது. பிறகு கார்த்திகை வந்தது. மூன்று நாள் விடாத மழை. தோய்த்து விறாந்தைக் கொடியில் போட்டது இரண்டு நாள் கிடந்தும் உள்ளே காயவில்லை. மேலே தடவினால் காய்ந்தது போல இருக்கும், இரண்டு விரலுக்கு நடுவே வைத்து அழுத்தினால் சில்லென்று இருக்கும். மூன்றாம் நாள் புளித்த மணம். தையலைப் பிரித்துப் பார்த்தேன். நடுவில் இருந்த துவாய்த் துணியில் மிளகு தூவியது போலப் பூஞ்சணம்.

அம்மம்மாவின் காலத்தில் இந்தப் பிரச்சினை இருக்கவில்லை. பழைய நூல்சீலையைக் கிழித்து மடித்துப் பாவித்தார்கள். விரித்தால் அது ஒற்றைத் துணி, வெயிலில் போட்டால் சமையல் முடிவதற்குள் காய்ந்துவிடும். ஆனால் அது நகரும், நாடாவில் கட்ட வேண்டும், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு நிம்மதி தராது. இன்று தைக்கும் அணையாடையில் உள்ளாடையைச் சுற்றி மடிக்கும் செட்டை இருக்கிறது, அதைப் பூட்டத் தெறி இருக்கிறது, அசையாமல் நிற்கிறது. காய்வதில்தான் அம்மம்மாவின் துணியிடம் தோற்றுப்போகிறது.

இங்கே நான் சொல்லித்தரும் வடிவம் இரண்டையும் சேர்த்தது. உள்ளாடையோடு பொருந்தி நிற்கும் ஒரு தாங்கி. அதில் செருகி எடுக்கக்கூடிய, விரித்தால் லேஞ்சி போல ஒற்றைத் துணியாகிவிடும் ஓர் உள்துணி. பருத்தி எதுவானாலும் உறிஞ்சும். யாழ்ப்பாணத்து மாரியில் அது காய வேண்டும், அதைத்தான் தைக்கிறவர் யோசிக்க வேண்டும். கீழே வரும் அளவுகளையும் துணிகளையும் அந்த ஒன்றை நினைத்துத்தான் தெரிவு செய்திருக்கிறேன்.

எந்த இடத்துக்கு எந்தத் துணி

ஓர் அணையாடையில் மூன்று வேலை நடக்கிறது. தோலில் படும் துணி ஈரத்தை உடனே உள்ளே விட வேண்டும். நடுத்துணி அதைப் பிடித்து வைக்க வேண்டும். அடித்துணி வெளியே விடாமல் தடுக்க வேண்டும்.

முதல் இரண்டு வேலைக்கும் பருத்தி பிளனல் போதும். பிளனல் என்பது நெய்த பிறகு மேற்பரப்பைச் சீவி மெல்லிய பஞ்சு எழுப்பிய துணி. குழந்தைப்பிள்ளைகளைச் சுற்றும் துணியாக எங்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அந்தப் பஞ்சு ஈரத்தைச் சட்டென்று பிடிக்கும், தொடை உரசலில் வழுக்கிப் போகாமல் உள்ளாடையிலும் ஒட்டி நிற்கும். துவாய்த் துணி கூடுதலாகப் பிடிக்கும், ஆனால் காய நேரம் எடுக்கும். இரவுக்கு மட்டும் வேண்டுமானால் பாவியுங்கள். மெல்லிய பொப்ளின் தோலுக்குக் குளிர்ச்சி, உறிஞ்சும் வேகம் குறைவு. நல்ல வெக்கையில் பிளனல் சூடாக இருக்கிறது என்று சொல்பவர்கள், தோலில் படும் பக்கத்துக்கு மட்டும் நன்றாகத் தோய்ந்து மென்மையான பழைய நூல்சீலைத் துணியை வைக்கலாம். எனக்கு அதுதான் மிகவும் பிடிக்கும்.

பருத்திக்கு இன்னொரு குணம் உண்டு. பெரும்பாலான இழைகளைப் போலில்லாமல், நனைந்தால் அதன் வலு கூடும். தோய்த்து, பிழிந்து, உதறி, மறுபடி தோய்க்கும் ஒரு பொருளுக்கு இதைவிடத் தோதான இழை கிடைக்காது.

சேதனப் பருத்தி வாங்கும்போது

2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தியபோது ‘சேதனம்’ என்ற சொல் எங்கள் வெங்காயத் தோட்டங்களில் எல்லார் வாயிலும் அடிபட்டது. பருத்தியிலும் அதே பொருள்தான். செயற்கைப் பூச்சிகொல்லியும் செயற்கைப் பசளையும் மரபணு மாற்றிய விதையும் இல்லாமல் விளைந்தது. ஆனால் தோட்டத்தில் சுத்தமாக விளைந்த பருத்தி ஆலைக்குப் போன பிறகு குளோரினில் வெளுக்கலாம், போர்மல்டிஹைட் கலந்த சுருக்கம் விழாத பூச்சுப் பூசலாம். அதனால் ‘சேதனப் பருத்தி’ என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பி வாங்க வேண்டாம்.

சீட்டில் ‘ஜீ.ஓ.ரி.எஸ்.’ (GOTS) என்ற எழுத்துகள் இருந்தால் அது விளைச்சலையும் பார்க்கும், நூற்பு, நெசவு, சாயம், வெளுப்பு எல்லாவற்றையும் பார்க்கும். அதில் இரண்டு தரம் உண்டு. சேதனம் என்று நேரே எழுத வேண்டுமானால் இழையில் 95 சதவீதமாவது சேதனமாக இருக்க வேண்டும். சேதன இழை கொண்டு செய்தது என்று எழுத 70 சதவீதம் போதும். ‘ஓ.சி.எஸ்.’ (OCS) என்று இருந்தால் எவ்வளவு சேதன இழை உள்ளது என்பதை மட்டும் உறுதிசெய்யும், சாயத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ‘ஒயெகோ-டெக்ஸ் 100’ (OEKO-TEX) தலைகீழ். முடிந்த துணியில் தீங்கான பொருள் எஞ்சியிருக்கிறதா என்று சோதித்தது அது, பருத்தி எப்படி விளைந்தது என்பது அதற்குக் கணக்கில்லை.

யாழ்ப்பாணத்துத் துணிக்கடைகளில் மீற்றர் கணக்கில் இப்படிச் சீட்டுள்ள துணியை நான் இதுவரை கண்டதில்லை. இந்தியாவில்தான் சேதனப் பருத்தி நிறைய விளைகிறது. ஆரோவில்லில் ஈக்கோ ஃபெம் போன்ற அமைப்புகள் அதில் தைத்த அணையாடைகளையே விற்கின்றன. போய்வரும் உறவினரிடம் இரண்டு மீற்றர் வெளுக்காத பிளனல் சொல்லிவிடலாம். அதுவும் முடியாதவர்கள் தைக்காமல் இருந்துவிட வேண்டாம். நூறு தரம் தோய்ந்த பழைய நூல்சீலையிலோ வேட்டியிலோ பூச்சும் உதிரும் சாயமும் எப்போதோ போயிருக்கும். தோலுக்கு அது புதிய துணியைவிட நல்லது.

கடையில் ‘கொட்டன்’ என்று தருவதெல்லாம் முழுப் பருத்தி என்று நினைக்கக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் ஓரத்தில் இரண்டு நூலை இழுத்து எடுங்கள். இடுக்கியில் பிடித்து, ஒரு கிண்ணம் தண்ணீருக்கு மேலே வைத்து நெருப்புக் காட்டுங்கள். பருத்தி காகிதம் எரிவது போல மணந்து, ஊதினால் பறக்கும் சாம்பலாகிவிடும். பொலியெஸ்ரர் சுருண்டு உருகி, கறுத்த புகை விட்டு, ஆறியதும் நகத்தால் நசுக்க முடியாத சிறு மணியாக நிற்கும். இரண்டும் கலந்திருந்தால் சாம்பலுக்குள் அந்த மணி தட்டுப்படும். நீளநூல், குறுக்குநூல் இரண்டையும் தனித்தனியே பாருங்கள். ஒன்று பருத்தி, மற்றது பொலியெஸ்ரர் என்று நெய்த துணிகளும் உண்டு.

நிறம் பற்றி ஒரு வார்த்தை. கறை தெரியாது என்று கறுப்பும் கடுஞ்சிவப்பும் வாங்குகிறோம். உள்துணிக்கு நான் வெளிர் நிறம்தான் சொல்வேன். தோய்ந்து சுத்தமாகிவிட்டதா என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும். தாங்கியின் வெளிப்பக்கம் என்ன நிறத்திலும் பூவிலும் இருக்கட்டும்.

வெட்டுவதற்கு முதல் தோய்க்க வேண்டும்

இதைத் தவிர்க்கவே கூடாது. புதுப் பருத்தி, அதிலும் பிளனல், முதல் தோய்ப்பில் நூற்றுக்கு ஐந்து, எட்டு என்று சுருங்கும். தைத்த பிறகு சுருங்கினால் அடித்துணி ஓர் அளவும் மேல்துணி வேறு அளவுமாகி, அணையாடை வாழைமடல் போல வளைந்துவிடும்.

துணியைச் சுடுதண்ணீரில் சலவைத்தூள் போட்டு இரண்டு தரம் தோய்த்து, வெயிலில் காயவிட்டு, அயன் பண்ணுங்கள். வெளுக்காத துணி என்றால் மூன்று தரம். பருத்தி இழையின் மேல் இயற்கையாகவே ஒரு மெழுகு இருக்கும், அது போகும் வரை துணி தண்ணீரை ஏற்காது. விரல் நுனியால் ஒரு துளி தண்ணீர் விட்டுப் பாருங்கள். துளி சேம்பிலையில் நிற்பது போல உருண்டு நின்றால் இன்னும் தோய்க்க வேண்டும். விழுந்த உடனே பரவி மறைந்தால் வெட்டலாம்.

அடித்துணி: பிளாஸ்ரிக் வேண்டுமா?

கடைகளில் விற்கும் துணி அணையாடைகள் பலவற்றின் அடியில் பியூஎல் (PUL) என்ற துணி இருக்கும். பொலியெஸ்ரர் பின்னல் துணியின் ஒரு பக்கத்தில் பொலியூரித்தேன் என்ற மெல்லிய படலத்தை ஒட்டியது. தண்ணீர் போகாது, சற்றுக் காற்றுப் போகும். நல்லது, ஆனால் அது பிளாஸ்ரிக்தான். பியூஎல் வைத்த ஒன்றை முழுச் சேதனப் பருத்தி என்று சொல்ல முடியாது.

என் தெரிவு இது. வீட்டில் இருக்கும் நாளுக்கும் போக்குக் குறைந்த நாளுக்கும் நெருக்கமாக நெய்த பொப்ளினை இரட்டையாக அடியில் வைத்தால் போதும். ஈரம் வெளியே வர முதலே உங்களுக்குத் தெரியவரும், மாற்றிவிடலாம். வெக்கைக் காலத்தில் வேர்க்குரு வராமல் இருப்பதும் இதில்தான். பள்ளிக்கூடம், பல்கலைக்கழகம், கொழும்புக்கு இரவு பஸ் என்றால் பியூஎல் வைத்த தாங்கி இரண்டு கையில் இருக்கட்டும். இந்த வடிவத்தில் பியூஎல் தாங்கியில் மட்டும்தான் வருகிறது, உள்துணி முழுக்கப் பருத்தியாகவே இருக்கும்.

பியூஎல் கிடைக்கவில்லை என்று பொலித்தீனை வெட்டி உள்ளே வைக்காதீர்கள். காற்றுப் போகாமல் தோல் வெந்துவிடும், பிழிய இரண்டாம் தரத்தில் கிழிந்தும்விடும்.

அளவு எடுப்பது

உங்கள் உள்ளாடையின் கவட்டுத் துண்டு எவ்வளவு அகலம் என்று அளந்து பாருங்கள். பெரும்பாலும் 6 முதல் 7.5 செ.மீ. இருக்கும். நான் 7 என்று வைத்துச் சொல்கிறேன்.

செட்டைகள் கவட்டைச் சுற்றி அடியில் பூட்டும்போது அது ஒரு வளையம். அந்த வளையத்தின் சுற்றளவு கவட்டின் அகலத்தைப் போல இரண்டு மடங்கும், துணித் தடிப்புக்கு அரை செ.மீ.யும். ஆக 7 + 7 + 0.5 = 14.5 செ.மீ. ஒரு தெறியின் நடுவிலிருந்து மற்றத் தெறியின் நடு வரை உள்ள தூரம் இதுதான். தெறிக்கு வெளியே பக்கத்துக்கு 1.25 செ.மீ. விட்டால் செட்டை நுனியிலிருந்து நுனி வரை 17 செ.மீ. இந்தக் கணக்கைப் பிழைவிட்டு 20, 22 என்று வெட்டுபவர்களுடைய அணையாடைதான் உள்ளாடையில் சுழன்று திரும்புகிறது. இறுக்கமாக வேண்டியவர்கள் ஒன்றரை செ.மீ. உள்ளே இன்னொரு தெறி வைக்கலாம்.

பகல் தாங்கி, தைத்து முடிந்த அளவு: நீளம் 27, நடு உடல் அகலம் 7, செட்டையோடு 17, செட்டையின் உயரம் 7 செ.மீ. இரவுத் தாங்கிக்கு நீளம் 34, பின்பக்கம் மட்டும் 11 செ.மீ.க்கு விரியட்டும். படுத்திருக்கும்போது எல்லாம் பின்னால்தான் போகும், முன்னால் அகலமாக்கிப் பிரயோசனம் இல்லை.

உள்துணி, அதாவது லேஞ்சி: 24க்கு 26 செ.மீ. 26 செ.மீ. பக்கத்தை இரண்டாக மடித்து, மறுபடி இரண்டாக மடித்தால் 6.5 செ.மீ. அகலமும் 24 செ.மீ. நீளமுமாக நான்கு அடுக்குப் பட்டை கிடைக்கும். தாங்கியின் 7 செ.மீ.க்குள் அது அடங்கிவிடும். போக்குக் கூடிய நாளில் இரண்டு லேஞ்சியை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து மடியுங்கள், எட்டு அடுக்கு.

வெட்டி எடுத்தல்

காகிதத்தில் முதலில் வரையுங்கள். தையலுக்குச் சுற்றிவர 1 செ.மீ. சேர்த்து, 29க்கு 19 செ.மீ. காகிதம் ஒன்றை நான்காக மடியுங்கள். மடிப்பு இரண்டும் சந்திக்கும் மூலைதான் அணையாடையின் நடு. அங்கிருந்து நீளவாக்கில் 14.5 செ.மீ., குறுக்கே 9.5 செ.மீ. கிடைக்கும். நுனிப்பக்கத்தில் குறுக்கே 4.5 செ.மீ. அகலத்துக்கு உடலை வரைந்து, நுனியை வட்டமாக்குங்கள். நடுவில் நீளவாக்கில் 4.5 செ.மீ. உயரத்துக்குச் செட்டையை வரைந்து அதன் மூலையையும் வட்டமாக்குங்கள். உடலும் செட்டையும் சேரும் இடத்தில் கூர்மூலை வேண்டாம், மெதுவான வளைவாக இருக்கட்டும். கூர்மூலை திருப்பும்போது கிழியும், தொடையிலும் குத்தும். இப்போது வெட்டி விரித்தால் நான்கு பக்கமும் ஒத்த வடிவம்.

ஒரு தாங்கிக்கு இந்த வடிவத்தில் பிளனல் ஒன்று, அடித்துணி ஒன்று. பொப்ளின் என்றால் இரண்டு. 2 செ.மீ. அகலப் பருத்தி நாடாவில் 9.5 செ.மீ. துண்டு இரண்டு. லேஞ்சிகளை 25க்கு 27 என்று வெட்டுங்கள். 90 செ.மீ. அகலப் பிளனல் ஒரு மீற்றர், சுருங்கிய பிறகும் ஒன்பது லேஞ்சி தரும்.

பியூஎல்லில் குண்டூசி குத்தாதீர்கள். குத்தின துவாரம் குத்தினதுதான், அதனூடாகக் கசியும். உடுப்புக் காயப்போடும் கவ்வி நாலைந்து போட்டுப் பிடியுங்கள்.

தைத்தல்

லேஞ்சியில் தொடங்குங்கள், அது சுலபம். நாலு பக்கமும் ஓரநூல் பிரியாமல் பிடிக்கும் ஓவர்லொக் தையல் அடித்தால் முடிந்தது. வீட்டில் ஓவர்லொக் இல்லாவிட்டால் சிக்-சாக் தையல். அதுவும் இல்லாவிட்டால் தெருவிலுள்ள தையல்கடையில் கொடுங்கள், ஒன்பது லேஞ்சியும் சில நிமிட வேலை. ஓரத்தை மடித்துத் தைக்க வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான்காக மடிக்கும்போது அந்த மடிப்புகள் எல்லாம் நுனியில் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்ந்து கட்டியாகிவிடும். காய்வதும் அங்கேதான் கடைசி.

தாங்கிக்கு ஊசி 14ஆம் நம்பர், நூல் பொலியெஸ்ரர். நூலும் பருத்தியாக இருக்கட்டும் என்று மனம் சொல்லும். நானும் அப்படித்தான் தொடங்கினேன். பருத்தி நூல் திரி போல ஈரத்தை இழுத்துத் தையல் வழியாக வெளியே கொண்டுவந்துவிடுகிறது.

முதலில் நாடாக்கள். பிளனலின் நல்ல பக்கத்தில், ஒவ்வொரு நுனியிலிருந்தும் 4.5 செ.மீ. தள்ளி நாடாவைக் குறுக்கே வைத்து, இரண்டு முனையையும் ஓரத்தோடு தைத்துப் பிடியுங்கள். நாடாவின் நடு அரை செ.மீ. தளர்ந்து நிற்கும், லேஞ்சி அதற்கு அடியில்தான் நுழையும். இந்தத் தையலை இப்போதே போடுங்கள். அடித்துணி சேர்த்த பிறகு போட்டால் ஊசி பியூஎல்லைத் துளைக்கும்.

அடுத்து பிளனலின் நல்ல பக்கத்தையும் அடித்துணியின் நல்ல பக்கத்தையும் ஒன்றையொன்று பார்க்க வையுங்கள். பியூஎல்லில் மினுங்கும் படலம் உள்ள பக்கம் கெட்ட பக்கம், தைத்துத் திருப்பினால் அது உள்ளே போய்விட வேண்டும். சுற்றிவர 1 செ.மீ. விட்டுத் தைத்து, உடலின் நேரான இடத்தில் 6 செ.மீ. வாசல் விடுங்கள். வளைவில் வாசல் விட்டால் மூடும்போது சுருக்கம் விழும். பியூஎல்லுக்குத் தையலின் நீளம் 3 மி.மீ. இருக்கட்டும். நெருங்கிய தையல் முத்திரைத் தாள் போல வரிசையாகத் துளைத்துக் கிழிக்கும்.

வளைவுகளில், தையலுக்கு 2 மி.மீ. கிட்ட வரை, கத்தரிக்கோல் நுனியால் சின்னச் சின்ன வெட்டுப் போடுங்கள். வாசலால் திருப்பி, பென்சிலின் மொட்டைப் பக்கத்தால் செட்டையின் மூலைகளைத் தள்ளி விடுங்கள். விரலால் அழுத்தித் தட்டையாக்கி, ஓரத்திலிருந்து 3 மி.மீ. உள்ளே சுற்றிவர ஒரு தையல். வாசலும் அதோடு மூடிவிடும். நடுவில் எந்தத் தையலும் வேண்டாம்.

தெறி வைக்கும் பக்கம்

கடையில் பிரஸ் பட்டன் என்று கேட்டால் தருவார்கள். பிளாஸ்ரிக்கில் இருந்தால் அதை வாங்குங்கள். தீவுப்பகுதியில் இருப்பவர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். உவர்த் தண்ணீரில் தோய்க்கும்போது இரும்புத் தெறி துருப்பிடித்து, துணியில் கழுவமுடியாத மஞ்சள் கறை விடும்.

பக்கம் மாறாமல் வையுங்கள். தாங்கியைப் பிளனல் மேலே தெரிய மேசையில் போடுங்கள். இடது செட்டை முதலில் கவட்டுக்கு அடியில் மடியும், வலது செட்டை அதன்மேல் மூடும். அப்போது இடது செட்டையின் பிளனல் பக்கமும் வலது செட்டையின் அடித்துணிப் பக்கமும்தான் ஒன்றையொன்று தொடும். ஆகவே இடதில் குமிழ் பிளனல் பக்கம், வலதில் குழி அடித்துணிப் பக்கம். என் முதல் மூன்றிலும் இரண்டையும் பிளனல் பக்கமே வைத்துவிட்டேன். பூட்ட முடியாமல் பிடுங்கியபோது துணியும் சேர்ந்து கிழிந்தது. தெறியை இறுக்குவதற்கு முதல் உள்ளாடையில் சுற்றிப் பார்த்து, பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டால் இந்தக் கஷ்டம் வராது.

பாவிக்க முதல் ஒரு சோதனை

ஒரு மாதவிடாய் முழுவதிலும் வெளியேறும் இரத்தம் சராசரியாக 30 முதல் 40 மி.லீ. 80ஐத் தாண்டினால் அதிக போக்கு என்று வைத்தியர்கள் கணக்கெடுப்பார்கள். இரத்தத்தோடு வேறு திரவமும் சேர்ந்து வருவதால் துணியில் படுவது இதைவிடக் கூட இருக்கும். அதனால் 15 மி.லீ., அதாவது மூன்று தேக்கரண்டி, ஓர் அணையாடைக்கு நியாயமான சோதனை.

வெறும் தண்ணீர் இரத்தத்தைவிட ஓட்டமானது. சோறு வடித்த கஞ்சித்தண்ணியை ஆறவிட்டு எடுத்தால் உண்மைக்குக் கிட்ட வரும். லேஞ்சியை மடித்துத் தாங்கியில் செருகி, நடுவில் மெதுவாக ஊற்றி, ஐந்து நிமிடம் பொறுத்து, வெள்ளைக் காகிதத்தின் மேல் வைத்து உள்ளங்கையால் பலமாக அழுத்துங்கள். காகிதம் நனையாவிட்டால் சரி. ஓரத்தால் மட்டும் நனைந்தால் லேஞ்சியின் மடிப்பு தாங்கியைவிட அகலமாக இருக்கிறது. நடுவில் நனைந்தால் அடித்துணியைப் பாருங்கள். இந்தச் சோதனையை இரண்டு தரம் தோய்த்த பிறகு செய்யுங்கள், அப்போதுதான் பிளனல் முழுமையாக உறிஞ்சத் தொடங்கும்.

எங்கள் கிணற்றுத் தண்ணியில் தோய்ப்பது

வேறு ஊர்க்காரர்கள் எழுதும் குறிப்புகளில் இது இருக்காது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடியில் இருப்பது சுண்ணக்கல். கிணற்றுத் தண்ணி வன்தண்ணி. கேத்தலின் உள்ளே வெள்ளையாகப் படிவதை எல்லா வீட்டிலும் காணலாம். இந்தத் தண்ணியில் சவர்க்காரக் கட்டி நன்றாக நுரைக்காது. தண்ணியிலுள்ள கல்சியத்தோடு சேர்ந்து சாம்பல் நிறப் படையாகி இழைகளுக்குள் ஒட்டிக்கொள்ளும். மூன்று நாலு மாதம் போனதும் “முந்தி மாதிரி உறிஞ்சுதில்லை, துணி விறைச்சுப்போச்சு” என்று சொல்வார்கள். துணி பழுதாகவில்லை, அந்தப் படைதான் தண்ணீரைத் தள்ளுகிறது.

அதனால் சவர்க்காரக் கட்டியை விட்டுச் சலவைத்தூளைப் பாவியுங்கள், அது வன்தண்ணியிலும் வேலை செய்யும். கொஞ்சமாகப் போட்டு நிறைய அலசுங்கள். மாதம் ஒரு தரம், ஒரு வாளி தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி வினாகிரி விட்டு அரை மணித்தியாலம் ஊறவைத்து அலசினால் படை கரைந்துவிடும். மாரியில் பீலியால் விழும் மழைத்தண்ணியைப் பிடித்துக் கடைசி அலசலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட மென்மையான தண்ணி எங்களுக்கு வேறு இல்லை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையின்போது சவர்க்காரம் கிடைக்காமல் பனம்பழத்தில் உடுப்புத் தோய்த்த கதையை வீட்டில் கேட்டு வளர்ந்த எனக்கு, ஒரு வாளி மழைத்தண்ணியும் ஒரு பிடி சலவைத்தூளும் பெரிய வசதி.

முறை இதுதான். கழற்றிய உடனே லேஞ்சியைத் தாங்கியிலிருந்து இழுத்து விரித்து, பச்சைத்தண்ணியில் போடுங்கள். சுடுதண்ணி இரத்தத்தின் புரதத்தை இறுக்கிக் கறையை நிரந்தரமாக்கிவிடும். இரண்டு மூன்று மணித்தியாலம் ஊறினால் போதும், ஓர் இரவைத் தாண்ட விடாதீர்கள். ஊறிய தண்ணியைக் கிணற்றடியில் கொட்டாமல் வாழைப்பாத்திக்கு விடுங்கள். சுண்ணக்கல்லின் வெடிப்புகளால் எல்லாம் கிணற்றுக்கே திரும்பும் ஊர் இது. பிறகு சலவைத்தூளில் கசக்கி, தெளிந்த தண்ணி வரும் வரை அலசுங்கள். பிடிவாதமான கறைக்கு, மருந்துக் கடையில் கிடைக்கும் 3 சதவீத ஐதரசன் பெரொட்சைட்டில் சில துளி விட்டுப் பத்து நிமிடம் பொறுங்கள். புளீச்சும் துணி மென்மையாக்கும் திரவமும் வேண்டாம். முதலாவது இழையை அரிக்கும், இரண்டாவது இழைமேல் எண்ணெய்ப்படை பூசும்.

பூஞ்சைத் தொற்று வந்து மருந்து எடுத்தவர்கள் லேஞ்சிகளைத் தனிப் பாத்திரத்தில் பத்து நிமிடம் கொதிக்க வைக்கலாம். பியூஎல் வைத்த தாங்கியைக் கொதிக்க வைக்கவோ அயன் பண்ணவோ கூடாது, படலம் உரிந்துவிடும்.

காயப்போடுவது

இதற்காகத்தான் இவ்வளவும். எங்கள் வீடுகளில் துடக்கு என்ற பேச்சு இன்னும் இருக்கிறது. தீட்டுத் துணி ஆண்பிள்ளைகளின் கண்ணில் படக்கூடாது என்று, கதவுக்குப் பின்னாலும் பாவாடைக்கு அடியிலும் இருட்டில் காயப்போட்டுப் பழகிவிட்டோம். பாதி காய்ந்த துணியை மறுபடி அணிந்தால் சொறியும் புண்ணும் வருகிறது. வெளியே சொல்லவும் முடிவதில்லை.

விரித்த லேஞ்சி கொடியில் லேஞ்சியாகத்தான் தெரியும். என் பெறாமகளுக்கு ஆறு தைத்துக் கொடுத்தேன். சாறங்களுக்கும் துவாய்களுக்கும் நடுவில் வரிசையாகக் கவ்வி போட்டுவிட்டு வந்து சொன்னாள், “சித்தி, அப்பா வந்து தன்ரை லேஞ்சி எண்டு ஒண்டை எடுக்கப் பாத்தவர்.” அவள் சொன்ன விதத்தில் பயம் இருக்கவில்லை. அதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

நேரடி வெயில் கிடைக்கும் நாளில் இரண்டு பக்கமும் திருப்பிப் போடுங்கள். பியூஎல் தாங்கியைப் பிளனல் பக்கம் வெயிலைப் பார்க்கப் போடுங்கள். மாரியில் துவாயில் சுருட்டி மிதித்துப் பிழிந்து, காற்றாடிக்குக் கீழே கொடி கட்டிப் போட்டால் ஒற்றைத் துணி இரவுக்குள் காயும். கன்னத்தில் வைத்துப் பாருங்கள். குளிர்ந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. நன்றாகக் காய்ந்ததைப் பருத்திப் பையில் வையுங்கள், பிளாஸ்ரிக் டப்பாவில் அடைக்க வேண்டாம்.

எத்தனை தைப்பது, எப்போது மாற்றுவது

ஒருவருக்குத் தாங்கி ஐந்து, அதில் இரண்டு இரவுக்கு. லேஞ்சி பதினைந்து. மழைக்காலத்தில் ஒரு நாள் தோய்த்தது அடுத்த நாள் கைக்கு வராமலும் போகலாம் என்று கணக்கு வைத்த எண்ணிக்கை அது. பகலில் நான்கு முதல் ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் லேஞ்சியை மாற்றுங்கள். தாங்கி நனையாவிட்டால் அதையே தொடரலாம். பள்ளிக்கூடத்துக்கு, பியூஎல் வைத்துத் தைத்த சிறு பையில் மடித்த லேஞ்சி இரண்டு போதும். பாவித்ததை அதே பையின் மற்ற அறையில் போட்டு மூடி வீட்டுக்குக் கொண்டுவரலாம். இன்னொருவருடையதைப் பாவிக்க வேண்டாம், சகோதரிகளாக இருந்தாலும். நூலில் ஆளுக்கொரு நிறம் வைத்துத் தைத்தால் மாறாது.

2018 செப்டெம்பர் வரை இறக்குமதி அணையாடைகளுக்கு எங்கள் நாட்டில் வரிகள் எல்லாம் சேர்த்து 100 சதவீதத்துக்கு மேல் இருந்தது. அதன் பிறகு வரி குறைந்தது, 2022 பொருளாதார நெருக்கடியில் விலை மறுபடி ஏறியது. மாதாமாதம் அந்தக் காசை எண்ணிக் கொடுத்த தாய்மாருக்கு இந்தப் பதினைந்து லேஞ்சியின் பெறுமதி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மடித்த லேஞ்சி இரண்டும் ஒரு மணித்தியாலத்தில், இரண்டில் முழுக்க நனைந்துகொண்டே இருந்தால், காசளவுக்கு மேல் கட்டி கட்டியாகப் போனால், ஏழு நாளைத் தாண்டினால், அதைத் துணியின் குறையாக நினைத்து இன்னும் அடுக்குச் சேர்க்காதீர்கள். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள், வைத்தியரைப் பாருங்கள். இரும்புச்சத்துக் குறைந்து களைத்துப்போன பிள்ளையைச் சோம்பேறி என்று ஏசும் வீடுகளை எனக்குத் தெரியும்.

லேஞ்சியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து நடுவில் நூல் விலகித் தெரிந்தால் அதை ஓய்வுபெற விடலாம். முழுப் பருத்தி என்றால் ஓவர்லொக் தையலை வெட்டி நீக்கிவிட்டு, வாழைப்பாத்தியில் குப்பையோடு புதைத்தால் உக்கிவிடும். தாங்கியின் தெறிகளைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த தாங்கிக்கு ஆகும்.